போன பாக்கெட் ஏன் திரும்பவில்லை? பள்ளத்தூர் வீட்டில் கற்ற ஸ்விட்ச்சிங், ரூட்டிங்

பள்ளத்தூரில் ஒரு நகரத்தார் வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வாசலில் டேப் பிடித்தால் பின்வாசல் வரை 62 மீட்டர். முன்பக்கம் ஆறு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். இரண்டாம் கட்டுக்குப் பின்னால் ஆச்சி இருக்கிறார். பின்தெருவைத் தாண்டினால், பழைய வண்டிக்கொட்டகையைத் திருத்தி அலுவலகமாக்கிய ஒரு சின்னக் கட்டடம். வீட்டுக்காரரான அண்ணன் சென்னையிலிருந்து போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, முன்னால இருந்து பின்னால வரைக்கும் நெட் வரணும். ஆனா சுவத்துல ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது."

நான் காரைக்குடியில் கம்ப்யூட்டர், கேமரா வேலை பார்ப்பவன். கடையை மூடிய பிறகு ராத்திரியில் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ நெட்வொர்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். 200-301 என்ற பாடத்திட்டம். பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் ஸ்விட்ச்சை (ஒரே வலைக்குள் கருவிகளை இணைக்கும் பெட்டி) இழுத்து வைத்து, கோடு போட்டு இணைத்தால் பச்சை விளக்கு எரியும். எல்லாம் ஓடும். ஆனால் அதில் யாரும் கேபிளைப் பிடுங்க மாட்டார்கள், எலி கடிக்காது, மழை பெய்யாது. அதனால் இந்த வேலையை என் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஓட்டை போடக் கூடாது என்பதில் எனக்கும் முழுச் சம்மதம். இரண்டடிச் சுவர், பளிங்குபோலத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சில் ஒருமுறை டிரில் விட்டால், அதே மாதிரி பூசித் தர ஆள் தேட வேண்டும். அந்தச் சுவரும் பர்மா தேக்குக் கதவுகளும் சேர்ந்து, முகப்பில் வைத்த வைஃபையை வளவின் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்) இரண்டாவது தூணுக்கு அந்தப்புறம் போகவிடவில்லை. கட்டுக்கு வைஃபை பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுப்பது என்று முடிவு செய்தேன். பழைய மின்கம்பி ஓடிய தேக்குக் கேசிங் வளவைச் சுற்றி இன்னும் அப்படியே இருந்தது. அதன் மேலேயே கேபிளைப் படுக்க வைத்தோம். வளைவுகளையெல்லாம் சேர்த்தால் 84 மீட்டர் வந்தது. செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், இரண்டு முனையிலும் வரும் பேட்ச் கார்டு என்ற குட்டிக் கேபிள்களையும் சேர்த்து. தப்பித்தோம். தெருவைத் தாண்டும் இடத்தில் மட்டும் ஃபைபர். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். நடுவில் செம்பு போட்டால் ஒரு இடி போதும், இரண்டு பக்கமும் போர்ட் எரிந்துவிடும்.

முதலில் போட்டவை இரண்டு சாதாரண எட்டு போர்ட் ஸ்விட்ச்சுகள். வளவில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று. இரண்டையும் இணைக்க ஒரு கேபிள், அவசரத்துக்கு உதிரியாக இன்னொரு கேபிள். உதிரிக் கேபிளின் வளவு முனையை டெஸ்ட் செய்வதற்காகச் சொருகினேன், கழற்ற மறந்துவிட்டேன். மறு முனை இரண்டாம் கட்டில் சும்மா தொங்கியது. அடுத்த நாள் விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், கழன்றுதான் கிடக்கிறது என்று நினைத்து, அக்கறையாகக் காலி போர்ட்டில் சொருகிவிட்டுப் போனார்.

சாயங்காலம் போன் வந்தது. வைஃபை சிக்னல் முழுதாக இருக்கிறது, எதுவுமே திறக்கவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு ஸ்விட்ச்சிலும் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தன. சாதாரணமாக ஒவ்வொரு போர்ட்டும் தன்போக்கில் மினுக்கும். எட்டும் சேர்ந்து ஒன்றாகத் துடிப்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவதைக் கழற்றியதும் சட்டென்று அடங்கியது.

நடந்தது இதுதான். எல்லோருக்குமான ஒரு அறிவிப்பை, அதாவது பிராட்காஸ்டை, ஸ்விட்ச் தனக்கு வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவே இரண்டு வழி இருந்தால், ஒன்றில் போனது மற்றொன்றில் திரும்பி வரும், மறுபடி போகும். தரவைச் சுமந்து போகும் ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குக் கடத்தும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஸ்விட்ச் கையாளும் ஈதர்நெட் ஃப்ரேமில் (பாக்கெட்டைச் சுற்றிய உறை) அப்படி ஓர் எண்ணே கிடையாது. அதனால் அந்த அறிவிப்பு சாகாமல் சுற்றும், சுற்றச் சுற்றப் பெருகும். புத்தகத்தில் இதை எத்தனையோ தடவை படித்திருந்தேன். துடிக்கும் விளக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் இரண்டு வாங்கி வந்தேன், ஒவ்வொன்றும் 24 போர்ட். அதே சுற்றை இந்த முறை வேண்டுமென்றே போட்டேன். இரண்டாவது கேபிளைச் சொருகியதும் இரண்டாம் கட்டு ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டின் விளக்கு ஆரஞ்சாகி, ஆரஞ்சாகவே நின்றது. வலை ஓடிக்கொண்டே இருந்தது. சுற்று உருவாகாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ அந்த வழியை அடைத்து வைத்திருந்தது. ராடியா பெர்ல்மன் 1985-ல் உருவாக்கிய முறை இது, 1990-ல் 802.1டி என்று தரமாக்கினார்கள். ஓடும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். அடைத்த வழி திறக்க 30 விநாடி ஆனது: 15 விநாடி காது கொடுத்துக் கேட்கிறது, இன்னொரு 15 விநாடி கற்றுக்கொள்கிறது. இதன் வேகமான ராப்பிட் வகைக்கு மாற்றியதும் பிங்கில் (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் சோதனை) ஒரே ஒரு வரிதான் விடுபட்டது. எந்த ஸ்விட்ச் தலைமை என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கிறது. எல்லாவற்றிலும் 32768 என்றே வரும், அப்படியே விட்டால் மேக் முகவரி (கருவியிலேயே பதிந்து வரும் அடையாள எண்) சிறியதாக உள்ள ஸ்விட்ச் தலைமையாகிவிடும். வளவு ஸ்விட்ச்சுக்கு 4096 என்று நானே வைத்தேன்.

ஸ்விட்ச் எப்படிக் கற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு மதியம் முழுக்க வளவில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, காலுக்குக் குளிர்ச்சி. ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிள் போட்டு, வேகம் 9600 வைத்து, மேக் அட்ரஸ் டேபிளைக் காட்டச் சொன்னேன். ஏழு வரி வந்தது. லேப்டாப்பை 5-ம் போர்ட்டில் சொருகினேன். அது ஏதோ பேசியதும் எட்டாவது வரி வந்தது, முகவரியின் கடைசி நான்கு இலக்கம் 4417, போர்ட் 5. பிடுங்கினேன், வரி போய்விட்டது. 9-ல் சொருகினேன், அதே 4417 இப்போது 9-க்கு நேரே. போர்ட்டில் இருந்தும் பேசாமல் இருந்தால்? ஒரு பழைய பிரின்டரை இணைத்து, யாரும் அதைத் தொடாமல் விட்டேன். 300 விநாடி ஆனதும் அதன் வரி மறைந்துவிட்டது. ஸ்விட்ச் யாரையும் தேடிப் போய் விசாரிப்பதில்லை. அனுப்புகிறவரின் முகவரியைப் பார்த்து, "இவர் இந்தப் பக்கம்" என்று எழுதிக்கொள்கிறது. தெரியாத முகவரிக்கு ஏதாவது வந்தால் எல்லாக் கதவையும் தட்டுகிறது. பேசியவர் வந்த வழியே திரும்பும் வழி. ஸ்விட்ச்சுக்கு இது இயல்பாகவே வந்துவிடுகிறது, ரூட்டருக்கு வராது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. பின்னால் இரண்டு ராத்திரியை விழுங்கியது அதுதான்.

அடுத்து விலான், அதாவது ஒரே கம்பியில் பல தனி வலைகள். விருந்தினர் போனும், ஆச்சியின் டிவியும், கேமராவும் ஒரே வலையில் இருக்கக் கூடாது. அதைப் பிரிக்கிறேன் என்றதும் ஆச்சி கேட்டார்: "கம்பி ஒண்ணுதானே தம்பி ஓடுது? அப்புறம் எப்படித் தனித்தனியாகும்?" நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே வளவைச் சுற்றியிருந்த அறைக் கதவுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அஞ்சு மருமக்க. வளவு ஒண்ணு, உலை அஞ்சு. அது மாதிரியா?" அதேதான். கல்யாணமான மகனுக்குத் தனி அறை, தனி அடுப்பு என்று வேறு வைக்கும் வழக்கம். கூரை பொது, கணக்கு தனி. இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. பல விலான்களையும் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் கேபிளில் போகும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான்கு பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். அதில் 12 பிட் விலான் எண்ணுக்கு. 4094 வரை வைத்துக்கொள்ளலாம். எனக்கு மூன்று போதும்: வீட்டுக்கு 10, விருந்தினருக்கு 20, கேமராவுக்கு 30. ஐபி முகவரியிலும் மூன்றாவது எண்ணாக அதையே வைத்தேன், 192.168.10, 192.168.20, 192.168.30 என்று. எதிர்க் கட்டட அலுவலகம் 192.168.40.

முகவரிகளைச் சின்னச் சின்ன வலைகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு பலரை மிரட்டுகிறது. என்னையும் மிரட்டியது. என் தாத்தா கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர். சின்ன வயதில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று வாய்பாடு சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருநாள் நோட்டில் கணக்குப் போடும்போது அது திடீரென்று நினைவுக்கு வந்தது. முகவரியின் 32 பிட்டில் முன்னால் எத்தனை பிட் வலைக்கு என்பதுதான் முன்னொட்டு, /24 என்று எழுதுவார்கள். 24 என்ற முன்னொட்டில் 256 முகவரி. 25 என்றால் அரை, 128. 26 கால், 64. 27 அரைக்கால், 32. 28 வீசம், 16. 29 அரைவீசம், 8. 30 கால்வீசம், 4. ஒவ்வொரு படியிலும் பாதி. முதலும் கடைசியும் கழிந்தால் மீதிதான் கருவிகளுக்கு. இரண்டு ரூட்டரை மட்டும் இணைக்கும் கோட்டுக்கு இரண்டு முகவரி போதும். அதனால் அதற்குக் கால்வீசம், 10.0.0.0/30. வீட்டு ரூட்டர் 10.0.0.1, அலுவலக ரூட்டர் 10.0.0.2. அன்றிலிருந்து சப்நெட்டுக்குக் கால்குலேட்டர் தொட்டதில்லை.

விலான் 30-ஐச் சேர்த்த அன்று ஒரு விபத்து. முகப்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டே இரண்டாம் கட்டு ஸ்விட்ச்சுக்குள் நுழைந்திருந்தேன். டிரங்க்கில் ஏற்கெனவே 10, 20 அனுமதியில் இருந்தன. "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30" என்று அடித்து என்டர் தட்டினேன். திரை உறைந்தது. நடுவில் "ஆட்" என்ற ஒரு சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் இருக்கும் பட்டியலில் 30 சேராது. பட்டியலே 30 மட்டும் என்று ஆகிவிடும். 10, 20 இரண்டும் வெளியே போய்விட்டன. நான் உள்ளே வந்திருந்த வழியே 10-தான். பின்பக்கம் மொத்தமும் இருட்டு. விருந்தினர் ஒருவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டுக்கு ஓடினேன். இப்போதெல்லாம் தூரத்திலிருந்து எதையாவது மாற்றும் முன் "ரீலோட் இன் 10" என்று அடித்துவிடுகிறேன். நான் வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக அணைந்து, சேமித்த பழைய அமைப்போடு எழும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விலானுக்கும் வெளியே போக வழி, ஐந்து போர்ட் உள்ள ஒரு சின்ன மைக்ரோடிக் ரூட்டர். ஒரே டிரங்க் கேபிளில் மூன்று விலானும் அதற்குள் வருகின்றன. இங்கேயும் ஒரு பாடம். எல்லாம் முடிந்தது என்று விருந்தினர் வைஃபையில் என் போனை இணைத்து, சும்மா கேமராவின் முகவரியை அடித்தேன். கடவுச்சொல் கேட்கும் பக்கம் திறந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. ஸ்விட்ச் பிரித்ததை ரூட்டர் சேர்த்து வைத்திருந்தது. அதற்கு அதுதான் வேலை. தன்னோடு நேராக இணைந்த வலைகளுக்கு நடுவே, யாரும் சொல்லாமலே பாக்கெட்டைக் கடத்தும். 20-லிருந்து 10-க்கும் 30-க்கும் போகக் கூடாது என்று ஃபயர்வாலில் விதி எழுதிய பிறகுதான் உண்மையிலேயே தனியானது. விருந்தினர் நம்பித் தங்குகிற இடம், வீட்டில் இருப்பவர் வயதானவர். விலான் போட்டாயிற்று என்று அன்று கிளம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

இனி அந்த இரண்டு ராத்திரிகள்.

முகப்பு மேஜைக் கம்ப்யூட்டர் 192.168.10.15. எதிர்க் கட்டட அலுவலகக் கம்ப்யூட்டர் 192.168.40.10, பிரின்டர் 192.168.40.20. விருந்தினர் பதிவுத் தாள் முகப்பிலிருந்து அங்கே பிரின்ட் ஆக வேண்டும். வீட்டு ரூட்டரில் ஒரு ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதித் தரும் வழி) எழுதினேன்: 192.168.40.0/24-க்குப் போக 10.0.0.2-விடம் கொடு. ரூட்டரிலிருந்தே அலுவலகக் கம்ப்யூட்டருக்கு பிங் அடித்தேன். பதில் வந்தது. மகிழ்ச்சியோடு முகப்புக் கம்ப்யூட்டருக்குப் போய் அதே பிங். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்." நான்கு தடவையும் அதே.

முதல் ராத்திரி முழுக்க வீட்டுப் பக்கமே குடைந்தேன். விலானா? ஃபயர்வாலா? கேபிளா? முகப்பு கேபிளின் முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சிலிருந்து பழுப்பு வரை எட்டையும் வரிசை பார்த்து மறுபடி கிரிம்ப் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. ரூட்டரிலிருந்து போகிறது, ரூட்டருக்குப் பின்னால் இருப்பதிலிருந்து போகவில்லை. அப்படியானால் தப்பு ரூட்டருக்கு இந்தப் பக்கம்தான் என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் தவறு.

இரண்டாம் ராத்திரி அலுவலகக் கம்ப்யூட்டரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்து, முகப்பில் பிங்கை ஓடவிட்டு, தெருவைத் தாண்டி ஓடி வந்து பார்த்தேன். திரையில் 192.168.10.15 கேட்கிறது. அடுத்த வரியிலேயே 192.168.40.10 பதில் சொல்கிறது. கேட்கிறது, பதில் சொல்கிறது, ஒரு வரி விடாமல். பாக்கெட் ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. பதில்தான் வீடு திரும்பவில்லை.

அங்கேயே உட்கார்ந்து 192.168.10.15-க்கு, போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ் ரூட் அடித்தேன். முதல் படி அலுவலக ரூட்டர். இரண்டாவது படி, அலுவலகத்துக்குத் தனியாக எடுத்திருந்த இன்டர்நெட் இணைப்பின் வாசல். அதற்கப்புறம் நட்சத்திரக் குறிகள். அப்போதுதான் புரிந்தது. அலுவலக ரூட்டருக்கு 192.168.10 என்று ஒரு வலை இருப்பதே தெரியாது. தெரியாத எதையும் இன்டர்நெட் பக்கம் தள்ளு என்ற டிஃபால்ட் ரூட் மட்டும் அதனிடம் இருந்தது. எதிர்வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அது ஊருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. 192.168 என்று தொடங்குபவை வீட்டுக்குள் புழங்கும் தனி முகவரிகள். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணத்திலேயே அப்படி ஒதுக்கிவிட்டார்கள். வெளியே போனால் அவற்றுக்கு வழியில்லை.

அப்படியானால் ரூட்டரிலிருந்து அடித்த பிங்குக்கு மட்டும் பதில் வந்தது ஏன்? ரூட்டர் தானே பிங் அடிக்கும்போது அனுப்புநர் முகவரியாக 10.0.0.1-ஐப் போடுகிறது. அந்தக் கோடு அலுவலக ரூட்டரோடும் நேராக இணைந்தது. அதற்குத் தெரிந்த இடம், பதில் திரும்பிவிட்டது. என்னை ஏமாற்றியது இந்தச் சோதனைதான். ரூட்டரிலிருந்து பிங் அடிக்கும்போது, அனுப்புநர் முகவரியாக 192.168.10 பக்கத்து முகவரியைக் கொடுத்து அடித்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே பிடித்திருக்கலாம்.

அலுவலக ரூட்டரில் மூன்று விலானுக்கும் மூன்று வரி எழுதலாம். நான் ஒரே வரியில் எழுதினேன்: 192.168.0.0/19, வழி 10.0.0.1. மூன்றாவது எண் 0 முதல் 31 வரை அதில் அடங்கும், ஆக 10, 20, 30 மூன்றும் உள்ளே. டிஃபால்ட் ரூட்டும் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் ஒரு முகவரிக்கு இரண்டு வரி பொருந்தினால் நீளமான முன்னொட்டுக்குத்தான் மரியாதை. நம் பின்கோடும் இப்படித்தான். காரைக்குடி 630001. டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு முதல் எண் 6 போதும், தெற்கே அனுப்பிவிடுவார். பக்கத்தில் வர வரத்தான் 63, 630 என்று கூடுதல் இலக்கம் பார்க்க வேண்டியிருக்கும். கடைசி மூன்று எண்ணை இந்த ஊர்க்காரர் பார்த்தால் போதும். வழி முழுவதையும் யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கை யார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தால் போதும். போகும்போதும், பதில் வரும்போதும்.

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி தெருவைத் தாண்டி முகப்புக்கு வந்தேன். நான் விட்டுவிட்டுப் போன பிங் ஓடிக்கொண்டே இருந்தது. வரிசையாக "டைம்டு அவுட்", அப்புறம் ஓரிடத்திலிருந்து கீழே எல்லாம் பதில். மணி பதினொன்றரை.

பிரின்டர் மட்டும் அப்போதும் வரவில்லை. ஆனால் இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். பிரின்டரின் அமைப்புப் பக்கத்தில் ஐபி முகவரி கையால் போடப்பட்டிருந்தது, கேட்வே (வெளி வலைக்குப் போகும் வாசலின் முகவரி) காலியாக இருந்தது. அதே நோய்தான்: தாளை வாங்கிக்கொள்ளத் தெரியும், பதில் சொல்ல வழி தெரியாது. கேட்வேயில் 192.168.40.1 போட்டதும் முதல் தாள் வெளியே வந்தது.

பாடத்துக்காக ஒரு வாரம் ஸ்டேட்டிக் ரூட்டுகளை எடுத்துவிட்டு, ரூட்டர்களே வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையை ஓடவிட்டேன். இரண்டு ரூட்டரும் பத்து விநாடிக்கு ஒருமுறை ஹலோ சொல்லிக்கொள்கின்றன. 40 விநாடி சத்தமில்லை என்றால் எதிராளி இல்லை என்று முடிவு செய்கின்றன. ஒரு பக்கம் மட்டும் நேரத்தை மாற்றினேன், உறவு முறிந்தது. வழிகளைத் தாமாகவே பரிமாறிக்கொள்வதால், திரும்பும் வழியை எழுத மறக்கும் பேச்சே இல்லை. ஆனாலும் கடைசியில் ஸ்டேட்டிக்குக்கே திரும்பிவிட்டேன். இரண்டே ரூட்டர், ஒரே கோடு. நாளைக்கு நான் இல்லாதபோது வேறு ஒருவர் வந்து பார்த்தால், இரண்டு வரியைப் படித்துப் புரிந்துகொள்வது சுலபம்.

அந்த வரிகளையும், எந்த போர்ட்டில் எது என்பதையும், முகவரிப் பட்டியலையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி, ஸ்விட்ச் இருக்கும் மர அலமாரியின் உள்கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உதிரிக் கேபிள் இப்போது இரண்டு முனையும் சொருகியே இருக்கிறது, ஆரஞ்சு விளக்கோடு. ஆச்சி அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்தபடியே பேரனோடு வீடியோவில் பேசுகிறார். இரண்டாம் கட்டு ஸ்விட்ச்சுக்கு இன்னும் யுபிஎஸ் வைக்கவில்லை. கரன்ட் போனால் அவர் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கான பேட்டரி வந்துவிட்டது, வரும் திங்கட்கிழமை மாட்ட வேண்டும்.